ஆம்ப்ளிபயருக்குள் ஒரு டி.எஸ்.பி.

சென்ற தை மாதம் உறவினர் வீட்டுக் கல்யாணம். காஞ்சிபுரத்திலேயே மண்டபம். முதல் நாள் சாயங்காலம் சீக்கிரமே போய்விட்டேன். சவுண்ட் சர்வீஸ் பையன் ஒருவன் மேடை ஓரத்தில் உட்கார்ந்து மைக் செட் கட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய ஆம்ப்ளிபயரைப் பார்த்தால் ஏதோ பெட்டியில் பாதிதான் வந்து சேர்ந்தது போல இருந்தது. அவ்வளவு ஒல்லி. முகப்பில் இரண்டு மூன்று குமிழ், ஒரு சின்னத் திரை.

"இவ்வளவு சின்னதா இருக்கே, மண்டபம் முழுக்கக் கேக்குமா?" என்றேன்.

"கேக்கும் சார். இதுல டிஎஸ்பி இருக்கு சார்."

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு கட்டியவன் நான். டி.எஸ்.பி. என்றால் எனக்குத் தெரிந்தது ஜீப்பில் வந்து இறங்குகிற காவல்துறை அதிகாரிதான். அதைச் சொன்னதும் பையன் சிரித்துவிட்டான். டிஜிட்டல் சிக்னல் பிராசசிங் என்று விளக்கம் சொன்னான். மைக்கிலிருந்து வரும் ஒலியை எண்களாக மாற்றி, கணக்குப் போட்டுச் சீர்செய்து, மறுபடியும் ஒலியாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவதாம். அந்தக் கணக்கு வேலை இப்போது ஆம்ப்ளிபயருக்குள்ளேயே நடக்கிறதாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். 1979ஆம் வருஷம் இப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் என் அம்மா மூன்று மணி நேரம் அழுதுகொண்டு ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

1979இல் அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய சமயம். என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கூட்டம் நினைவிருக்கும். எனக்கு வேலை கிடைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தரிசனத்துக்காக அம்மா புதுச்சேரியிலிருந்து வந்திருந்தார். தரிசனம் முடிந்து சின்ன காஞ்சிபுரத்துத் தெருவில் திரும்பும்போது நெரிசலில் அம்மாவின் கை விட்டுப்போயிற்று. ஒரு தெருமுனையில் தன்னார்வலர்கள் சிலர் மேசை போட்டு மைக் வைத்திருந்தார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர்களும் பாவம், தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார்கள்.

அம்மா இருநூறு அடி தூரத்தில்தான் இருந்திருக்கிறார். அறிவிப்பு அவர் காதிலும் விழுந்திருக்கிறது. விழுந்தது "...ஆட்சி அம்மாள், ...ஆட்சி அம்மாள்" என்பது மட்டுந்தான். காமாட்சி, மீனாட்சி, விசாலாட்சி. இந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் பெயர். என் அம்மாவின் பெயரும் அவற்றில் ஒன்று. "யாரோ ஒரு அம்மாவைத் தேடறாங்க, பாவம்னு நெனச்சேண்டா" என்று பிறகு சொன்னார். தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர்கள் கட்டியிருந்தார்கள். "இன்னும் சத்தமா வைங்க" என்று நானே கத்தினேன். வைத்தார்கள். இன்னும் மோசமாயிற்று. ஏன் என்று புரிய எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

மைக் செட்டைக் குறைசொல்ல நான் வரவில்லை. அது வந்த காலத்தில் அதிசயம்தான். 1906இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் மூன்று முனை வால்வைக் கண்டுபிடித்தார். மெல்லிய மின் அலையைப் பெரிதாக்க அதுதான் வழிசெய்தது. 1915இல் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் கலிபோர்னியாவில் ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார்கள். 1919 செப்டம்பரில் சான் டியேகோ மைதானத்தில் அமெரிக்க அதிபர் வில்சன் சுமார் 50,000 பேருக்கு அதன் வழியே பேசினார். நம் தமிழ்நாட்டு அரசியலும் மைக்கோடு சேர்ந்து வளர்ந்ததுதான். இதே காஞ்சிபுரத்தில் 1909இல் பிறந்த அண்ணாவின் கரகரத்த குரலும் அடுக்குமொழியும் கடைசி வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்தவனுக்கும் போய்ச் சேர்ந்தது என்றால் அது மைக் செட் செய்த உபகாரம். கார் பேட்டரி ஒன்று, ஆம்ப்ளிபயர் ஒன்று, குழாய் இரண்டு இருந்தால் மின்சாரம் இல்லாத ஊரிலும் கூட்டம் நடத்தலாம்.

குழாய் ஸ்பீக்கரின் பலம் அதன் வடிவத்தில் இருக்கிறது. குறைந்த வாட்டில் வெகு தூரம் கேட்கும். கனத்த ஒலி அதில் வராது. மிக மெல்லிய ஒலியும் வராது. நடுவில் இருப்பதை மட்டும் காதைத் துளைக்கிற மாதிரி எடுத்துக் கொடுக்கும். ஆனால் அம்மாவின் பெயரை விழுங்கியது அந்தக் குறை அல்ல.

ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். கம்பியில் மின்சாரம் போவதற்கோ நேரமே ஆகாது. ஆகவே தெரு முழுக்கக் கட்டிய எல்லாக் குழாய்களும் ஒரே கணத்தில்தான் பேசுகின்றன. நீங்கள் ஒரு குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். அதன் ஒலி உடனே வந்துவிடும். 70 மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த குழாயின் ஒலி வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு கழித்து வரும். கண்ணிமைக்கும் நேரத்தை நம் இலக்கணம் ஒரு மாத்திரை என்கிறது. ஏறக்குறைய அந்த அளவுதான். அதாவது பெயரின் இரண்டாம் எழுத்தை நீங்கள் கேட்கும்போது முதல் எழுத்து பின்னாலிருந்து வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உயிரொலி கொழுத்தது, நீண்டு நிற்கும், எப்படியும் தப்பிவிடும். மெய்யொலி மெலிந்தது, சட்டென்று முடிந்துவிடும், அடிபட்டுப்போகும். "கா"வா "மீ"யா என்று காட்டவேண்டிய இடம் போய், "ஆட்சி" மட்டும் மிச்சம். இதில் எல்லாக் குழாய்க்கும் சத்தத்தைக் கூட்டினால் முன்னே வருவதும் கூடும், பின்னே வருவதும் கூடும். கலங்கிய குளத்தில் இன்னும் இரண்டு பேர் இறங்கிய கதைதான்.

தீர்வு என்னவென்று அப்போதே அறிந்தவர்கள் உண்டு. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் இதை ஆராய்ந்தார். ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வினாடியில் நூற்றில் மூன்று பங்குக்குள் வந்து சேர்ந்தால் நம் காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது, முதலில் வந்த பக்கத்திலிருந்துதான் கேட்கிறது என்று நினைக்கிறது என்று கண்டார். அப்படியானால் தூரத்துக் குழாயைக் கொஞ்சம் தாமதமாகப் பேசவைத்தால் போதும். ஆனால் மின் அலையை எப்படித் தாமதப்படுத்துவது? டேப்பில் பதிந்து, சற்றுத் தள்ளி இன்னொரு ஹெட்டை வைத்துப் படிக்கிற கருவிகள் இருந்தன. டேப் தேயும், அறும். தெருமுனை மைக் செட்டுக்கு அது ஆகாத வேலை.

எண்களாக மாற்றினால்தான் அது எளிது. எப்படி என்று பையன் சொன்னது எனக்கு முதலில் பிடிபடவில்லை. நம்மூர்த் தறியை நினைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

பட்டுப்புடவைக் கரையில் மாங்காய் போடவேண்டும். டிசைன் போடுபவர் முதலில் வளைவாக ஒரு மாங்காய் வரைகிறார். பிறகு அதைக் கட்டம் போட்ட காகிதத்தில் ஏற்றுகிறார். வளைவு போய், நிரப்பிய கட்டம், நிரப்பாத கட்டம் என்று ஆகிவிடும். கட்டம் பெரிதாக இருந்தால் மாங்காய் படிக்கட்டு மாதிரி தெரியும். கட்டம் சிறிதானால் கண்ணுக்கு வளைவாகவே தெரியும். அந்தக் காகிதத்தைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துகிறார்கள். ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்குத் தெரிந்தது இந்த இரண்டே சொல்தான். கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததும் ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே சொல்தான்.

ஒலியையும் இப்படித்தான் கட்டத்தில் ஏற்றுகிறார்கள். மைக்கிலிருந்து வரும் அலையின் உயரத்தை வினாடிக்கு இத்தனை தடவை என்று அளந்து, அளந்த ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாக எழுதுகிறார்கள். 1982இல் வந்த சி.டி. இசைத்தட்டில் வினாடிக்கு 44,100 தடவை அளப்பார்கள். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஒன்று. ஏன் 44,100? மனிதக் காதுக்கு எட்டுவது வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுவரை. அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் எதுவும் தவறாது என்பது கணக்கு. இதற்கு 1928இல் ஹாரி நைக்விஸ்ட் அடிப்படை போட்டார். 1949இல் கிளாட் ஷானன் நிறுவிக் காட்டினார்.

இந்தக் கதையில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அவர்களை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் லியோன் நகரத்து நெசவாளியின் மகன், நாம் ஜக்கார்டு என்கிற ழாக்கார். அவருடைய தறி 1804இல் வந்தது. இன்னொருவர் ஓசேர் என்ற ஊரில் 1768இல் பிறந்த தையற்காரர் மகன், ஃபூரியே. நெப்போலியனோடு எகிப்து போனவர். பிறகு கிரெனோபிள் நகரில் மாவட்ட நிர்வாகியாக இருந்தார். அதாவது நம்மைப்போல் கோப்பு பார்த்தவர். கோப்பு பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில், சூடு ஒரு பொருளில் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட்டார். எவ்வளவு சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டலாகப் பிரித்துவிடலாம் என்று 1807இல் எழுதிக் கொடுத்தார். பெரிய கணித மேதைகளே ஒப்புக்கொள்ளவில்லை. 1822இல்தான் புத்தகமாக வந்தது. எங்கள் இயற்பியல் ஆசிரியர் அலைகளைப் பற்றிய பாடத்தில் இவர் பெயரைச் சொல்லிவிட்டு, "இது பிற்பாடு" என்று பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பிற்பாடு எனக்கு எழுபது வயதுக்குமேல் கல்யாண மண்டபத்தில் வந்தது.

ஃபூரியே சொன்னபடி பிரிப்பதற்குக் கணக்கு ஏராளம். 1965இல் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி என்ற இரு அமெரிக்கர்கள் அதை மிக விரைவாகச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். அப்போதும் அதற்கு ஓர் அறை அளவு கம்ப்யூட்டர் வேண்டும். 1983இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சிறு சில்லு சந்தைக்கு வந்தது. பெருக்குவதும் கூட்டுவதுமே அதன் பிரதான வேலை. வினாடிக்கு ஐம்பது லட்சம் கட்டளைகளை முடிக்கும். அதே நிறுவனம் 1985இல் பெங்களூரில் தன் ஆய்வு மையத்தைத் திறந்தது. அதன் பின் வந்த சில்லுகள் வருஷத்துக்கு வருஷம் விரைவாயின, மலிவாயின. இன்று கல்யாண மண்டபத்துப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

அந்தப் பெட்டிக்குள் டி.எஸ்.பி. பார்க்கும் வேலைகளைப் பையன் எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினான்.

முதலாவது, நான் மேலே சொன்ன தாமதம். ஒலி இப்போது எண்களாகிவிட்டது. எண்களை வரிசையில் நிற்கவைப்பது ஒரு பெரிய காரியமில்லை. வினாடிக்கு 48,000 எண் வருகிறது என்றால், 70 மீட்டர் தள்ளியுள்ள ஸ்பீக்கருக்கு 9,600 எண்களைக் காத்திருக்கவைத்துப் பிறகு விட்டால் போதும். திரையில் மீட்டரைக் குறித்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்கிறது. தேய டேப்பும் இல்லை, அற நாடாவும் இல்லை.

இரண்டாவது, மைக் கூவுவது. ஸ்பீக்கரின் ஒலி மறுபடி மைக்கில் விழுந்து, பெரிதாகி, மறுபடி விழுந்து "கீ" என்று கத்துமே, அதுதான். முன்பு நாம் ஒட்டுமொத்தச் சத்தத்தையும் குறைப்போம், பேச்சும் போய்விடும். இது எந்த அதிர்வெண் கூவத் தொடங்குகிறது என்று ஃபூரியே வழியில் தேடிப் பிடித்து, அந்த ஒரு மெல்லிய கீற்றை மட்டும் வெட்டிவிடுகிறது. பேச்சு அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, பங்கீடு. கனத்த ஒலியைப் பெரிய ஸ்பீக்கருக்கும் மெல்லிய ஒலியைச் சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புவது. நான்காவது, கூட்டிக் குறைப்பது. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமானால் மெய்யொலிகள் வாழும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றுத் தூக்கி, அடியில் உறுமுவதைக் குறைக்கலாம். ஐந்தாவது, லிமிட்டர். ஒலி ஓர் அளவுக்குமேல் போகாமல் தடுத்து நிறுத்தும் காவல். ஸ்பீக்கரின் சுருள் எரிந்துபோகாமல் காப்பதற்காக வைத்தது.

பெட்டி ஒல்லியானதற்குக் காரணம் வேறு. பழைய ஆம்ப்ளிபயர் எடுத்த மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாக்கி வீணடிக்கும், அதற்கு இரும்பும் அலுமினியமும் சுமக்க வேண்டும். புதியதில் மின்சாரத்தை முழுக்கத் திற, முழுக்க மூடு என்று வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறார்கள். நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு பங்கு ஸ்பீக்கருக்கே போய்ச் சேருகிறது.

எல்லாம் கேட்டுவிட்டுப் பையனிடம் ஓர் உதவி கேட்டேன். "தம்பி, நான் கடைசி வரிசைக்குப் போறேன். காமாட்சி, மீனாட்சி, விசாலாட்சி, இந்த மூணு பேரையும் மாத்தி மாத்திச் சொல்லு. முதல்ல அந்த டிலேவை அணைச்சுட்டுச் சொல்லு."

என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனாலும் செய்தான். மண்டபத்தின் பின்பாதியில் தூணுக்குத் தூண் ஸ்பீக்கர். தாமதத்தை அணைத்தபோது பத்தில் ஆறு தடவைதான் சரியாகச் சொன்னேன். மற்றதெல்லாம் "...ஆட்சி"தான். தாமதத்தைப் போட்டபின் பத்தில் ஒன்பது. தவறிய அந்த ஒன்று என் காதின் குற்றமாக இருக்கலாம். வயதானால் முதலில் கெடுவது மெல்லிய ஒலியைக் கேட்கும் சக்திதான். மெய்யொலி வாழும் இடமும் அதுதான். "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று நம் வயதுக்காரர்கள் சொல்வது இதனால்தான். நமக்கு வேண்டியது தெளிவு. சத்தம் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது.

அந்த ஒன்பதைக் கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வரவேற்பில் பாட்டுக் கச்சேரி ஆரம்பித்ததும் அதே பெட்டி, அதே டி.எஸ்.பி., நாற்காலியை அதிரவைத்தது. எதிர் நாற்காலியில் இருந்த சம்பந்தியோடு சைகையில்தான் பேசினோம். பையனிடம் போய், "லிமிட்டர் இருக்குன்னியே" என்றேன். "அது ஸ்பீக்கருக்கு சார், ஆளுங்களுக்கு இல்ல" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டான். எந்த அளவில் நிறுத்துவது என்று டி.எஸ்.பி.க்கு உத்தரவு போடுவது மனிதன்தான். அதன் வசதியால் ஸ்பீக்கர் எரியாமலே முன்னைவிடப் பலமாக அலறலாம் என்றும் ஆகிவிட்டது.

உத்தரவு ஊருக்குப் பொதுவாகவும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மத்திய அரசின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணிக்குமேல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதை விரிவாக வலியுறுத்தித் தீர்ப்புச் சொன்னது. அந்த விதிகளில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. நடவடிக்கை எடுக்கும் அதிகாரி யார் என்று சொல்லும்போது, மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி என்று எழுதியிருக்கிறார்கள். ஆகப் பெட்டிக்குள் ஒரு டி.எஸ்.பி., வெளியே ஒரு டி.எஸ்.பி. இருவரும் இருந்தும் நமக்குத் தூக்கம் கெடுகிறது என்றால் குறை இருவரிடமும் இல்லை.

டி.எஸ்.பி.யால் ஆகாத காரியமும் ஒன்றுண்டு. நம் கோயில்களின் கல் மண்டபத்தில் ஒலி சுவருக்குச் சுவர், தூணுக்குத் தூண் மோதித் திரும்பும். ஸ்பீக்கரை விட்டு வெளியே வந்த ஒலியை எந்தக் கணக்கும் திரும்ப அழைத்துக்கொள்ள முடியாது. அங்கே வழி ஒன்றுதான். சின்ன ஸ்பீக்கர்களை ஆளுக்கு அருகில் வைத்து, மெதுவாக, தாமதத்தைச் சரியாகக் குறித்துப் பேசவைக்க வேண்டும். சத்தத்தைக் கூட்டினால் கல்லும் கூடவே பேசும். இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஒலி காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட் பத்து மடங்கு வேண்டும். நூறு வாட் போட்ட இடத்தில் ஆயிரம். அந்தக் காசுக்கு நான்கு சின்ன ஸ்பீக்கர் வாங்கிவிடலாம்.

2019இல் அத்தி வரதர் மறுபடி எழுந்தருளினார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், முதல் 31 நாள் சயனக் கோலம், பிறகு நின்ற கோலம். ஒரு கோடிப் பேர் அளவுக்கு வந்து போனார்கள் என்றார்கள். வரிசையில் நான் என் மனைவியின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன, சின்னக் குழந்தை மாதிரி" என்று கேட்டாள். அவளுக்குக் காரணம் தெரியும், இருந்தாலும் கேட்டாள். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

அடுத்தது 2059. நான் இருக்கப்போவதில்லை. அப்போது எந்த மாதிரிப் பெட்டி வருமோ! ஆனால் மைக் கட்டுகிற பிள்ளைகள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். கட்டி முடித்ததும் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று மேடையில் நின்று சொல்லிப் பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒருவரைப் பேசச்சொல்லிவிட்டுக் கடைசி வரிசைவரை நடந்து போய், அங்கே நின்று, காமாட்சியா மீனாட்சியா என்று கேட்டுப் பாருங்கள். அந்த வரிசையில் யாராவது ஒரு அம்மா தன் பெயருக்காகக் காத்திருப்பார்.